கூடம் கோணல்தான்

(பரதநாட்டிய ஆசிரியை ஒருவரின் நினைவுக் கூட்டத்தில் பேசியது)

தலைமை ஏற்றிருக்கும் ஐயா அவர்களே, ஒரு திறப்பு விழாவைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, எனக்கு முன்னால் பேசி எல்லோரையும் அழவைத்துவிட்டுப் போன தமிழாசிரியர் ஐயா அவர்களே, மிருதங்க வித்வான் அவர்களே, முதல் வரிசையில் சலங்கை இல்லாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, வகுப்பு முடியும்வரை வாசலில் காத்திருந்தே பல வருடங்களைக் கழித்த தாய்மார்களே, வணக்கம். ஒலிபெருக்கித் தம்பிக்கும் வணக்கம். அவரைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

மூன்று விஷயம் பேசலாம் என்று குறித்து வந்தேன். டீச்சர் பாடம் சொன்ன விதம், டீச்சரின் அபிநயம், அப்புறம் தரை. தரை என்றதும் பின்வரிசையில் சிரிக்கிறார்கள். சிரியுங்கள். இந்த ஊரில் எனக்குத் 'தரைக்காரர்' என்று பெயர் இருப்பது எனக்கும் தெரியும்.

பாடம் சொன்ன விதம். டீச்சர் திட்ட மாட்டார். அடவு, அதாவது ஆட்டத்தின் அடிப்படை அசைவு, தப்பினால் தாளம் தட்டுகிற தட்டுக்கழி நின்றுவிடும். அந்த நிசப்தத்துக்குப் பயந்தே என் மகள் முழங்காலை வளைத்து அரைமண்டியில் உட்காரக் கற்றுக்கொண்டாள். டீச்சர் போன மறுநாள் மாலை, யாரும் கூப்பிடாமலே பிள்ளைகள் எல்லாம் வகுப்புக்கு வந்துவிட்டார்கள். நடுவில் தட்டுமனை, அந்தக் கழியால் தட்டுகிற மரக்கட்டை, கிடந்தது. தட்டுக்கழியை எடுக்க ஒருத்திக்கும் கை வரவில்லை.

அபிநயத்துக்கு அப்புறம் வருகிறேன்.

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.' நான் எங்கே பேசினாலும் இதைச் சொல்லாமல் இறங்க மாட்டேன். டீச்சருக்கு மட்டும் இது பிடிக்காது. "கூடம் நிஜமாவே கோணலா இருந்தா அவ என்ன பண்ணுவா?" என்று கேட்பார். விஷயமே அந்தக் கேள்விதான்.

நான் கட்டட வேலை பார்த்தவன். சிமெண்டை நம்பிப் பிழைத்தவன். டீச்சரின் வகுப்புக்கூடத்துக்குத் தரை போட்டுக் கொடுத்ததும் நான்தான், கூலி வாங்காமல். காங்கிரீட், மேலே சிவப்பு ஆக்சைடு, முகம் பார்க்கலாம் போல மெருகு. பெருமையாகக் கூட்டிப்போய்க் காட்டினேன். டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாகப் போய் ஒரே ஒரு தட்டு தட்டினார். காதை அந்தப் பக்கம் சாய்த்தார். "அழகா இருக்கு சார். ஆனா ஊமையா இருக்கு" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. வாய் சும்மா இருக்குமா? பழமொழியைச் சொல்லிவிட்டேன். டீச்சர் கோபப்படவில்லை. "சரி சார், நீங்களே வாங்க" என்று என்னை நடுக்கூடத்தில் நிறுத்தினார். வேட்டியை மடித்துக் கட்டச் சொன்னார். முப்பது பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள், அதில் என் மகளும் ஒருத்தி. முழங்காலை மடக்கி அரைமண்டி. எனக்கு அது கால்மண்டிகூட இல்லை. முதல் தட்டடவு, தெய்யா தெய். முதல் காலம், அதாவது மெதுவான வேகம், சமாளித்தேன். இரண்டாம் காலத்தில் குதிகாலிலிருந்து பல்வரைக்கும் அதிர்ந்தது. மூன்றாம் காலம் டீச்சரின் தட்டுக்கழி மட்டும் போனது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுநாள் பஸ்ஸில் ஏற இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்தால் என் மகள், "அப்பா, ஆடத் தெரியாதவன்..." என்று ஆரம்பிக்கிறாள்!

அன்றைக்குத்தான் புரிந்தது. காங்கிரீட் எதையும் வாங்கிக்கொள்ளாது. தட்டுகிற விசையை அப்படியே கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று திருப்பி அனுப்பும். மேலே ஓடு பதித்தாலும் மெல்லிய விரிப்புப் போட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. கீழே மரச்சட்டம் கொடுத்து, நடுவில் காற்று இடைவெளி விட்டு, மேலே பலகை அடித்தால்தான் தரை கொஞ்சம் இறங்கிக் கொடுக்கும்.

இது இன்றைய கண்டுபிடிப்பும் இல்லை. சிலப்பதிகாரம் அரங்கேற்று காதையில் மாதவி ஆடிய மேடையின் அளவு இருக்கிறது. 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம். ஒரு கோல் என்பது 24 விரல். அங்கே இளங்கோ 'அரங்கின் பலகை' என்கிறார். பலகை! தமிழாசிரியர் ஐயா தலையாட்டுகிறார், நன்றி. தட்டுமனையைப் பாருங்கள், அதுவும் மரம். கழிக்கு மரம் கொடுத்த நாம் குழந்தையின் காலுக்குச் சிமெண்டைக் கொடுத்திருக்கிறோம்.

டீச்சர் தரையால் போனார் என்று நான் சொல்லவில்லை. கடைசிச் சில வருடங்கள் முழங்கால் வலியோடு நாற்காலியில் உட்கார்ந்தே பாடம் எடுத்தார் என்பதை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். பலகை போட்டுத் தருகிறேன் என்று நான் சொல்வேன். "அடுத்த வருஷம் பார்க்கலாம் சார், முதல்ல பிள்ளைங்களுக்கு மின்விசிறி" என்பார். நானும் மின்விசிறியை மாட்டிவிட்டு வந்துவிடுவேன்.

நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். டீச்சருக்குச் சிலை வேண்டாம், தெருவுக்குப் பெயரும் வேண்டாம். நம் பொதுக்கூடத்தின் மேடைக்குப் பலகைத் தரை போட்டுக் கொடுங்கள். டீச்சரின் வகுப்புக்கூடத்தில் நான் போட்டதை நானே உடைத்துக்கொள்கிறேன். ஆசாரியை வரச்சொல்லியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை அளவெடுக்க வருகிறார்.

தலைவர் ஐயா மணியைப் பார்க்கிறார். அபிநயம் இன்னொரு நாள்.

விண்ணப்பத்துக்கான கையெழுத்து நோட்டு வாசலில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேனாவை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.