47 லட்சம் பேர் வந்த தளத்தில் 6 பேர் மட்டுமே பதிவு: டிஜிட்டல் திட்ட மேலாளர்களுக்குத் தனியாக ஒரு மாநாடு எதற்கு?

வணக்கம். 2013 அக்டோபர் 1ஆம் தேதி அமெரிக்க அரசு ஹெல்த்கேர்.கவ் என்ற வலைத்தளத்தைத் திறந்தது. 36 மாநிலங்களின் மக்கள் மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களை ஒப்பிட்டுப் பார்த்து, வீட்டிலிருந்தபடியே வாங்கிக்கொள்ளலாம் என்பது அதன் நோக்கம். முதல் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 47 லட்சம் பேர் அந்தத் தளத்துக்கு வந்தார்கள். அன்று பதிவை இறுதிவரை முடித்தவர்கள் எத்தனை பேர் என்று நினைக்கிறீர்கள்? ஆறு பேர்.

(திரையில்: 47,00,000 / 6)

அதே அக்டோபர் மாதத்தின் நடுவில், பிலடெல்பியா நகரில் டிஜிட்டல் பி.எம். சம்மிட் என்ற மாநாடு முதன்முறையாகக் கூடியது. வலைத்தளங்களையும் செயலிகளையும் உருவாக்கும் குழுக்களை ஒருங்கிணைத்து நடத்தும் திட்ட மேலாளர்களுக்காக மட்டுமே நடத்தப்பட்ட மாநாடு அது. வலைத்தளம் சரிந்ததன் விளைவாகக் கூட்டப்பட்ட மாநாடு அல்ல அது. மாநாட்டின் ஏற்பாடுகள் அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தன. ஆயினும் இப்படி ஒரு மாநாடு எதற்குத் தேவைப்பட்டது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு, நான் முதலில் எடுத்துக் காட்டுவது அந்தத் தளத்தின் கதையைத்தான்.

மாநாட்டின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹேப்பி காக் என்ற வலை வடிவமைப்பு நிறுவனத்தில் திட்ட மேலாண்மையைக் கவனித்துவந்த பிரெட் ஹார்னட், பீரோ ஆஃப் டிஜிட்டல் என்ற அமைப்புடன் சேர்ந்து இதைத் தொடங்கினார். பிலடெல்பியாவில் இதே தொழிலில் இருப்பவர்கள் கூடிப் பேசும் சிறு சந்திப்புகளை அவர் ஏற்கெனவே நடத்திவந்தார்.

திட்ட மேலாளர்களுக்கு அதற்குமுன் அமைப்பே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது; மிகப் பெரிய அமைப்பே இருந்தது. பி.எம்.ஐ. என்று உலகம் அறிந்த திட்ட மேலாண்மை நிறுவனம் 1969இல் தொடங்கப்பட்டது. மாநாடு நடந்த காலத்தில் அதன் தலைமையகம் பிலடெல்பியாவுக்கு வெளியே, நியூடவுன் ஸ்கொயர் என்ற ஊரில்தான் இருந்தது. இத்தனை அருகில் இருந்தும் ஏன் தனி மாநாடு? பி.எம்.ஐ. வளர்த்தெடுத்த முறைகளில் பெரும்பகுதி கட்டுமானம், பொறியியல் போன்ற துறைகளில் வேர்விட்டவை. நான்கு மாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடி எழும்பிய பிறகு, அடித்தளத்தைப் பத்தடி கிழக்கே நகர்த்தித் தாருங்கள் என்று எந்த உரிமையாளரும் கேட்பதில்லை. வலைத்தள வேலையிலோ அதற்கு நிகரான கோரிக்கை வெள்ளிக்கிழமை மாலை ஒற்றை வரி மின்னஞ்சலாக வந்து சேர்கிறது. கேட்பவருக்கு அது அடித்தளம் என்றே தெரிவதில்லை. அதை அவருக்குப் புரியவைத்து, நிரலாளர்களின் நேரத்தையும் காத்து, உறவும் முறியாமல் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குப் பழைய கையேடுகளில் கிடைக்கும் உதவி குறைவு.

வலை வடிவமைப்பாளர்களுக்கான ஆன் ஈவன்ட் அபார்ட் மாநாடு முதன்முதலில் நடந்ததும் இதே பிலடெல்பியாவில்தான், 2005 டிசம்பரில். வடிவமைத்தவர்கள் கூடிப் பேச அப்போதே ஒரு மேடை கிடைத்தது. அவர்களுடைய வேலையைக் கெடு தவறாமல் கரைசேர்த்தவர்கள், அதே நகரில் தங்களுக்கென ஒரு மேடை அமைவதற்கு ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் காத்திருந்தார்கள். இந்தத் தாமதம் நியாயமானதல்ல என்றே நான் கருதுகிறேன்.

இனி, இந்த வீடியோவில் எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். ஹெல்த்கேர்.கவ் ஏன் சரிந்தது?

அமெரிக்க சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் பின்னர் நடத்திய ஆய்வின்படி, இந்தத் திட்டத்துக்காக 33 நிறுவனங்களுடன் 60 ஒப்பந்தங்கள் போடப்பட்டிருந்தன. சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்தால் அவர்களுக்கிடையே ஒரே ஒரு தொடர்புப் பாதைதான் இருக்கும். ஐந்து பேர் என்றால் 10 பாதைகள். பத்துப் பேர் என்றால் 45. இருப்பவர்களின் எண்ணிக்கையை அதைவிட ஒன்று குறைந்த எண்ணால் பெருக்கி, இரண்டால் வகுத்தால் விடை கிடைத்துவிடும். 33 நிறுவனங்களும் ஒன்றோடொன்று பேசியாக வேண்டுமானால், 528 பாதைகள். அதுவும் ஒவ்வொரு நிறுவனத்தையும் ஒரே ஆளாக எண்ணினால்தான்.

(திரையில்: 33 × 32 ÷ 2 = 528)

ஐ.பி.எம். நிறுவனத்தின் சிஸ்டம்/360 கணினிகளுக்கான இயக்க முறைமை உருவாக்கத்துக்கு 1960களில் தலைமை ஏற்றிருந்த பிரெடரிக் புரூக்ஸ், 1975இல் வெளியிட்ட நூலில் இந்தக் கணக்கை விளக்கியிருந்தார். தாமதமாகிவிட்ட மென்பொருள் திட்டத்தில் புதிதாக ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்ற அவருடைய புகழ்பெற்ற முடிவுக்கு இந்தப் பாதைகளின் பெருக்கம் முக்கியமான ஒரு காரணம்.

இந்த 528 பாதைகளுக்கும் நடுவில் நின்று, எது முதலில், எது பிறகு, எதை இப்போதைக்கு விட்டுவிடலாம் என்று தீர்மானிக்க ஒருவர் வேண்டும். அந்த இடம்தான் தெளிவில்லாமல் இருந்தது. தெளிவான தலைமை இல்லாததையே தலைமை ஆய்வாளர் அலுவலகம் முதன்மையான குறையாகச் சுட்டிக்காட்டியது. விளைவுகளில் ஒன்றைப் பாருங்கள். கணக்குத் தொடங்காமலே திட்டங்களைப் பார்வையிடும் வசதி, தளம் திறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பு நீக்கப்பட்டது. விலையைத் தெரிந்துகொள்ள மட்டும் வந்தவர்களும் கணக்குத் தொடங்க வேண்டியதாயிற்று. எல்லோரும் ஒரே வாசலில் நெருக்கியடித்தார்கள். அந்த வாசல் அடைபட்டது.

மீட்புப் பணிக்கு ஆயிரம் பேரை இறக்கியிருப்பார்கள் என்று தோன்றுகிறதா? வெளியிலிருந்து வந்து வழிகாட்டிய குழு மிகச் சிறியது. கூகுளில் தளங்களின் நம்பகத்தன்மையைக் காக்கும் பணியில் இருந்த மைக்கி டிக்கர்சன் அவர்களில் ஒருவர். தளம் எந்த நிலையில் இயங்குகிறது என்பதை ஒரே இடத்தில் பார்க்கும் கண்காணிப்புத் திரைகூட அங்கு இல்லாததால், முதலில் அதை அமைத்தார்கள். அடிக்கடி கேட்கப்படும் தகவல்களைத் தற்காலிக நினைவகத்தில் வைத்ததால், 8 விநாடிகளில் திறந்த பக்கம் 2 விநாடிகளில் திறந்தது. தினமும் ஸ்டாண்ட்-அப் எனப்படும் குறுகிய கூட்டங்கள் நடந்தன. அவற்றுக்கு டிக்கர்சன் வைத்த விதிகள் என்னை இன்றும் வியக்க வைக்கின்றன: இந்த அறை சிக்கலைத் தீர்ப்பதற்கானது, பழியை மாற்றிப் போடுவதற்கு வேறு இடங்கள் உண்டு; பேச வேண்டியவர் பதவியில் உயர்ந்தவர் அல்லர், சிக்கலை நன்கு அறிந்தவர்; அடுத்த ஓரிரு நாள்களில் நம்மை வீழ்த்தக்கூடியவற்றை மட்டும் இப்போது கவனிப்போம்.

மூன்று விதிகளில் எதிலாவது தொழில்நுட்பம் இருக்கிறதா? ஒன்றில்கூட இல்லை. டிசம்பர் தொடக்கத்தில் அந்தத் தளம் ஒரே நேரத்தில் 50,000 பேரைத் தாங்கும் நிலைக்கு வந்ததில், நிரலாளர்களின் உழைப்புக்கு இணையான பங்கு இந்த ஒழுங்குக்கும் உண்டு என்பது என் உறுதியான கருத்து.

டிஜிட்டல் திட்ட மேலாளர்கள் தங்கள் மாநாட்டில் பேசுவதும் இத்தகைய விஷயங்களைத்தான். எஸ்டிமேட் போடுவது எப்படி, ஒப்பந்தத்தில் இல்லாத வேலை மெல்ல மெல்லச் சேர்ந்துகொண்டே போகும் ஸ்கோப் கிரீப்பை எந்தக் கட்டத்தில் தடுத்து நிறுத்துவது, ஒரே வடிவமைப்பாளரை மூன்று திட்டங்கள் கேட்கும்போது யாருக்குக் கொடுப்பது, கெடு தவறப்போகிறது என்பதை வாடிக்கையாளரிடம் எப்போது சொல்வது. தன் அலுவலகத்தில் இந்த வேலையைச் செய்யும் ஒரே ஆளாக இருப்பவருக்கு, இதே கேள்விகளோடு போராடும் நூற்றுக்கணக்கானவர்களை ஓரிடத்தில் சந்திப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எண்ணிப் பாருங்கள். மேடை உரைகளைக் காட்டிலும் இடைவேளைகளில் நடக்கும் உரையாடல்களையே நான் மதிப்புமிக்கதாகக் கருதுகிறேன். ஒருவர் ஐந்து ஆண்டுகளில் பட்டுத் தெரிந்துகொண்டதை மற்றவர் ஒரு தேநீர் நேரத்தில் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்.

முதல் மாநாட்டுக்குப் பிறகு ஆஸ்டின், மெம்ஃபிஸ், ஓர்லாண்டோ என்று அது நகர் மாறி நகர் கூடியது; பிரிட்டனில் மான்செஸ்டரிலும் இதே தொழிலினருக்காகத் தனி மாநாடு நடந்தது. 2020இல் பெருந்தொற்றின் காரணமாக இணையவழிக்கு மாறியபோது, பயணச் செலவுக்கு வழியில்லாதவர்களும் உரைகளைக் கேட்க முடிந்தது என்பதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் அந்தத் தேநீர் நேரத்து உரையாடலைத் திரை வழியாகக் கொடுக்க இன்னும் நல்ல வழி கண்டுபிடிக்கப்படவில்லை.

சென்னையிலோ கோவையிலோ கொழும்பிலோ சிங்கப்பூரிலோ இந்த வேலையில் இருப்பவர்கள் பலர் இதைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். உங்கள் குழுவில் எத்தனை பேர், உங்கள் தொடர்புப் பாதைகளின் எண்ணிக்கை எவ்வளவு என்று கணக்கிட்டுக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். உங்கள் ஊரில் திட்ட மேலாளர்கள் கூடும் சந்திப்பு ஏதேனும் இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள், தனியாகத் தவித்துக்கொண்டிருக்கும் ஒருவர் அதைப் பார்த்து வந்து சேரக்கூடும்.