பாரம் எந்தக் கால்ல நிக்குது?

எல்லாருக்கும் வணக்கம். லைஃப் டிராயிங் கிளாஸ், அதாவது ஆடையில்லாத மாடல நேர்ல நிக்க வச்சு பாத்து வரையுற கிளாஸ்னு சொன்னாலே சிலர் கமுக்கமா சிரிப்பாங்க, ஓவியன்னா உடம்ப ரசிச்சுக்கிட்டே உக்காந்திருப்பான்னு ஒரு நெனப்பு. ஒரு நிமிஷ போஸ் குடுத்து வரையச் சொல்லிப் பாருங்க, ரசிக்க எங்க நேரம், கண்ணு முதல்ல தேடுறது பாரம் எந்தக் கால்ல நிக்குதுங்கிறதத்தான். ஒரு கால்ல பாரத்தப் போட்டு நின்னா அந்தப் பக்க இடுப்பு மேல ஏறும், அதே பக்கத் தோள் இறங்கும், நடுவுல முதுகெலும்பு வளைஞ்சு குடுக்கும். அழகா அசிங்கமா, ஒல்லியா குண்டா, இதெல்லாம் அந்த நேரத்துல ஞாபகத்துக்கே வராது.

கிரேக்கச் சிற்பத்துலயும் இந்த வளைவு இருக்கு, சோழர் காலச் செப்புத்திருமேனில திரிபங்கம்னு, உடம்பு மூணு இடத்துல வளைஞ்சு நிக்குதே அதுலயும் இருக்கு. ஆனா நம்மாளு நரம்பு, தசை எதையும் காட்டல, மூச்ச உள்ள இழுத்து நிறுத்துன மாதிரி வழவழன்னு விட்டுட்டான், நிக்குறது மட்டும் அப்படியே நம்ம கண்ணு நம்புது பாருங்க, எனக்கு அதுதான் பெரிய வேலையாத் தெரியுது.

அப்ப உடற்கூறு வேண்டாமான்னா, வேணும். லியனார்டோ டாவின்சி 30 பிணத்துக்கு மேல அறுத்துப் பாத்ததா அவரே சொல்லியிருக்காரு. ஆனா உடம்ப இழுத்து நீட்டுனாலும் குத்தம், அச்சு அசலா செஞ்சாலும் குத்தம். 1814ல ஆங்ர்ங்கிற பிரெஞ்சு ஓவியர் ஒரு பொண்ணு படுத்திருக்கிற மாதிரி வரைஞ்சாரு, முதுகு அவ்ளோ நீளம், மூணு எலும்பு அதிகம்னு விமர்சகர்கள் கிண்டல் பண்ணாங்க. 1877ல ரோடின்ங்கிற பிரெஞ்சுச் சிற்பி ஆளுயரத்துக்கு ஒரு ஆண் சிலை வச்சாரு, அது ரொம்பத் தத்ரூபமா இருந்துச்சா, உசுருள்ள ஆள் மேலயே அச்சு எடுத்துட்டாருன்னு பழி! மனுஷன் கடுப்பாகி அடுத்த சிலைய ஆளவிடப் பெருசா செஞ்சாரு, இதுக்கு எந்த ஆள் மேல அச்சு எடுப்பேன்னு கேக்குற மாதிரி. அவர் மாடல்கள ஒரே இடத்துல நிக்க விடமாட்டாரு, ஸ்டூடியோவுல இஷ்டத்துக்கு நடமாட விட்டு, பாரம் ஒரு கால்லேருந்து இன்னொரு காலுக்கு மாறுறதப் பாத்துக்கிட்டே இருப்பாரு.

எல்லாம் பாத்துப் பாத்து வர்றதுதான், சரி, பாக்கவே விடலன்னா? 1768ல லண்டன்ல ராயல் அகாடமிங்கிற கலைஞர்கள் சங்கமும் ஓவியப் பள்ளியும் ஆரம்பிச்சப்போ ரெண்டு பொண்ணுங்களும் உறுப்பினர், ஆஞ்செலிகா காஃப்மன், மேரி மோசர். கொஞ்ச வருஷத்துல சோஃபனிங்கிற ஓவியர் உறுப்பினருங்க மாடலச் சுத்தி நிக்குற மாதிரி ஒரு படம் போட்டாரு, அதுல இந்த ரெண்டு பேரும் ஆளா இல்ல, செவுத்துல மாட்டுன படமா இருக்காங்க. ஆடையில்லாத மாடல் இருக்கிற ரூமுக்குள்ள பொம்பளைங்க வரக்கூடாதாம், ஆனா ஒரு பொம்பளையே ஆடையில்லாம மாடலா நின்னா, அத ஆம்பளைங்க வரையலாம், அது எப்படின்னு நீங்களே கேட்டுக்கோங்க. அங்க படிச்ச பெண்கள் ஆடையில்லாத மாடல வச்சு வரைய 1893 வரைக்கும் காத்திருந்தாங்க, அதுவும் முழுசா இல்ல, இடுப்புல துணி சுத்துன மாடல். மோசர் பூக்கள் வரைஞ்சுதான் பேர் வாங்குனாங்க. காஃப்மன் விடாம புராணம், சரித்திரம்னு பெரிய படமா போட்டாங்க, அதுக்கு அந்தக் காலத்துலயே ஒரு குறை சொன்னாங்க, இவங்க வரையுற ஆம்பளைங்க ஆம்பள மாதிரியே நிக்கலையாம்.