துலூஸ் நகரத்துத் துணிக்கடை

நேயர்களுக்கு வணக்கம். ஐரோப்பாவின் பகுத்தறிவுக் காலத்தை, அதாவது பதினெட்டாம் நூற்றாண்டின் அறிவொளிக் காலத்தைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். தத்துவவாதிகளின் பெயர்களை அடுக்குவதைவிட, உங்களை ஒரு துணிக்கடைக்கு அழைத்துப்போக விரும்புகிறேன். பிரான்சின் தெற்கே துலூஸ் நகரம். கடைக்காரர் ழான் கலாஸ், அறுபதைத் தாண்டியவர். ஊரெல்லாம் கத்தோலிக்கர், இவர் குடும்பம் புராட்டஸ்டன்ட்.

1761 அக்டோபர் 13. இரவுச் சாப்பாடு முடிந்து மூத்த மகன் மார்க் அந்துவான் கீழே இறங்கிப் போகிறான். வக்கீலாக ஆசைப்பட்டவன். கத்தோலிக்கன் என்ற சான்று இல்லாமல் அந்தத் தொழிலுக்குள் நுழைய முடியாது. கொஞ்ச நேரம் கழித்து, விருந்தாளியை வழியனுப்பக் கீழே வந்த தம்பி, அண்ணன் இறந்துபோயிருப்பதைப் பார்க்கிறான்.

தெருவே கூடிவிட்டது. மதம் மாறப் போனவனை வீட்டாரே கொன்றுவிட்டார்கள் என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். யார் சொன்னது, அவருக்கு எப்படித் தெரியும்? யாரும் கேட்கவில்லை. வீட்டார் முதலில் உடல் தரையில் கிடந்தது என்றார்கள். பிறகு தூக்கில் தொங்கியது என்றார்கள். இந்த முரண்பாடு அவர்களுக்கு எதிராகத் திரும்பியது. ஆனால் அன்றைய சட்டப்படி, தற்கொலை செய்துகொண்டவரின் உடலைத் தெருத்தெருவாக இழுத்துப் போவார்கள். பெற்ற பிள்ளைக்கு அந்தக் கதி வரவேண்டாம் என்று எந்தத் தகப்பன்தான் நினைக்கமாட்டார்?

அப்புறம் தேவாலயங்களில் ஓர் அறிவிப்பு வாசித்தார்கள். காதால் கேட்டதாக இருந்தாலும் வந்து சொல்லுங்கள் என்று. கொலை நடந்துவிட்டது என்று முடிவுகட்டிய பிறகு எழுதிய அறிவிப்பு அது. அந்த நீதிமன்றத்தில் கால் சாட்சியம், அரைக்கால் சாட்சியம் என்றெல்லாம் கணக்கு உண்டு என்று பிரெஞ்சு எழுத்தாளரும் தத்துவவாதியுமான வால்தேர் பின்னாளில் எழுதினார். அப்படியானால் எட்டு வதந்திகளைக் கூட்டினால் ஒரு முழுச் சாட்சியம் ஆகிவிடும்! எட்டுப் பேரும் ஒரே வாயிலிருந்து கேட்டவர்களாக இருந்தாலும்தான். எப்படித் தெரியும் என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை.

பதின்மூன்று நீதிபதிகளில் எட்டுப் பேர் மரணம் என்றார்கள். 1762 மார்ச் 10 அன்று கலாஸைச் சித்திரவதை செய்து, கைகால்களை உடைத்துச் சக்கரத்தில் கட்டிக் கொன்றார்கள். கடைசி மூச்சு வரை நான் நிரபராதி என்றார். வேறு யார் பெயரையும் சொல்லவில்லை.

ஜெனீவா எல்லைக்கு அருகே ஃபெர்னேயில் இருந்த வால்தேருக்குச் செய்தி வந்தது. கொலை என்று முதலில் அவரும் நம்பத்தான் செய்தார். பிறகு கலாஸின் இளைய மகன் ஒருவனைச் சந்தித்து விசாரித்தார். வயதான மனிதர் இளைஞனான மகனைத் தனியாகத் தூக்கிலிட முடியுமா? முடியாது. சேர்ந்து செய்தார்கள் என்றால், அன்றிரவு வீடே ஒன்றாக இருந்ததே, மற்றவர்களுக்கு ஏன் மரண தண்டனை இல்லை? அந்த வீட்டு வேலைக்காரி கத்தோலிக்கர். கலாஸின் இன்னொரு மகன் மதம் மாறியபோது அதற்கு உதவியவரே அவர்தான். அவரும் இந்தக் கொலைக்கு உடந்தையா? நான் பகுத்தறிவு என்று சொல்வது இதைத்தான். ஒரு வீட்டின் ஓர் இரவை எடுத்துக்கொண்டு, இது நடந்திருக்க முடியுமா என்று படிப்படியாகக் கேட்பது.

அவர் விடவில்லை. கடிதங்கள், துண்டுப் பிரசுரங்கள், பாரிஸ் வக்கீல்கள். 1763இல் மத சகிப்புத்தன்மை பற்றிய நூல். 1765 மார்ச் 9 அன்று நாற்பது நீதிபதிகள் ஒருமனதாகக் கலாஸ் குற்றமற்றவர் என்றார்கள். உயிர் திரும்பவில்லை, பெயர் திரும்பியது.

நேரம் ஓடிவிட்டது, மிச்சத்தை வேகமாகச் சொல்கிறேன். 1764இல் இத்தாலியில் பெக்காரியா என்ற சிந்தனையாளர் சித்திரவதையையும் மரண தண்டனையையும் எதிர்த்து எழுதினார். 1787இல் பிரான்ஸ் புராட்டஸ்டன்ட்டுகளின் திருமணத்தையும் பிறப்பையும் பதிவுசெய்ய ஒப்புக்கொண்டது. குற்றம் நிரூபிக்கப்படும் வரை எவரும் நிரபராதியே என்று பிரெஞ்சுப் புரட்சியின் 1789 மனித உரிமைப் பிரகடனத்தின் ஒன்பதாம் பிரிவு சொல்கிறது. அறிவொளி என்றால் என்ன என்று ஜெர்மன் தத்துவவாதி கான்ட் 1784இல் எழுதிய கட்டுரையை விரிவாகப் பேச நினைத்திருந்தேன், முடியவில்லை. ஒருவரை மட்டும் விட மனமில்லை: பிரெஞ்சுத் தத்துவவாதி கொந்தோர்சே. 1781இல் அடிமை முறைக்கு எதிராகவும், 1790இல் பெண்களுக்குக் குடியுரிமை கேட்டும் எழுதியவர். அந்தக் காலத்தின் பெரிய பெயர்கள் பலவும் இந்த இரண்டிலும் வாய் திறக்காமல் இருந்தபோது எழுதினார். அவரைத் தேடிப் படியுங்கள். நன்றி, வணக்கம்.