அமுச்சி மண் சுமந்த கிணறு

நேயர்களுக்கு வணக்கம். எங்கள் அமுச்சியை, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காங்கேயத்துக்குக் கிழக்கே, கிளுவை வேலி போட்ட கொறங்காடுகள் என்கிற மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவில் பிறந்தவர். பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. கேட்டால், "பைகாரா கரண்ட்டு வந்த சமயம்னு எங்கப்பன் சொல்லும் சாமி" என்பார். நீலகிரியிலுள்ள பைகாரா மின்நிலையம் ஓடத் தொடங்கியது 1932இல். அதையே அவர் பிறந்த வருசமாக எழுதிக்கொண்டோம்.

அந்தக் கரண்ட்டால் கோயமுத்தூரில் ஆலைகள் பெருகின. அமுச்சி பிறந்த தோட்டத்தை அது எட்ட இன்னும் முப்பது வருசம் ஆனது. அதுவரை எருது பூட்டிக் கிணற்றுத் தண்ணீரை இறைக்கிற கவலை ஏற்றம்தான். விடியுமுன்னே எருதுகளைப் பூட்டி, அவருடைய அப்பன் வடத்தின் மேல் உட்கார்ந்து சரிவில் இறங்குவார். தண்ணீர் மொண்ட சால் மேலே வந்து கவிழும். அந்தத் தண்ணீரைப் பாத்தி பாத்தியாக மடை திருப்பிவிடுவது அமுச்சியின் வேலை. அப்புறம் ஒரு பஞ்சத்தில் ஊற்று வற்றிக் கிணற்றை ஆழப்படுத்தியபோது, சும்மாடு கட்டி மண்கூடையைத் தூக்கிக்கொண்டு படியேறினார். அப்போது பன்னிரண்டு வயது இருக்கும்.

பவானிசாகர் அணை வேலை 1948இல் தொடங்கி 1955இல் முடிந்தது. அதற்கு நடுவில்தான் அவரைப் பெருந்துறைப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். வாய்க்கால் வரப்போகிற ஊர் என்பதே மாப்பிள்ளை வீட்டுக்குப் பெரிய பெருமை. கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர் ஓடி 2 லட்சம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது. முதல் தண்ணீர் வந்த அன்று, எருதும் வடமும் இல்லாமல் தானாக ஓடிவருகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கரையில் உட்கார்ந்துவிட்டாராம். சோறாக்க நேரமானதற்கு மாமியாரிடம் ஏச்சு.

இந்துப் பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு தரும் சட்டம் நம் மாநிலத்தில் 1989இல் வந்தது. அதற்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு அது இல்லை. 2005இல் மத்திய சட்டம் அந்தத் தடையை எடுத்தது. எங்கள் பக்கத்தில் அந்தச் சட்டம் பல வீடுகளுக்குள் வந்தது, பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் விடுதலைப் பத்திரமாகத்தான். அமுச்சியின் அண்ணன் மகன்களும் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். "அத்தை, ஒரு கைநாட்டு வெச்சுக் குடுங்க" என்றார்கள். பாசமாகத்தான் கேட்டார்கள். ஆனாலும் எனக்கு இன்றுவரை அது வலிக்கிறது.

பத்திரத்தைப் படித்துக் காட்டியது நான். கிணற்றில் பாத்தியம், மின்மோட்டார், சர்வீஸ் நம்பர், வண்டிப்பாதை என்று எல்லாம் வரிசையாக இருந்தது. அமுச்சி நடுவில் நிறுத்தி, "அந்தக் கெணத்து எடத்த இன்னொருக்கா படி கண்ணு" என்றார். படித்தேன்.

"படிக்கட்டு எழுதியிருக்கா?"

"இல்லைங்க அமுச்சி."

"கீழ பதினோரு படி, நான் மண்ணு சொமந்தப்பக் கட்டுனது" என்றார். பெருவிரலை மையில் அமுக்கினார்.