சிங்களம் கதைக்கிற பிள்ளை எழுதும்போது மட்டும் ஏன் தடுமாறுது?

அம்பாறை டவுன் கடையில சிங்களத்திலேயே விலை பேசி சாமான் வாங்கிற பிள்ளைகள் எங்கட பக்கம் நிறையப் பேர் இருக்காங்க. அதே பிள்ளைக்கிட்ட ஒரு கொப்பியக் குடுத்து, சிங்களத்தில ஐந்து வரி எழுதச் சொல்லுங்க. பேனா நகராது. அந்தப் பேனாவை நகர்த்திற சாவி தமிழ் இலக்கணத்துக்குள்ளேயே இருக்கு!

பின்னணி சுருக்கமா: 1987இல இலங்கை அரசியலமைப்பின்ட 13ஆம் திருத்தம் தமிழையும் அரச மொழியாக்கிச்சு. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில சிங்களம் இரண்டாம் மொழிப் பாடம். அவ்வளவுதான், விசயத்துக்கு வருவம்.

பேச்சுச் சிங்களத்தில "மம யனவா" எண்டா நான் போறன். "அபி யனவா" நாங்க போறம். "எயா யனவா" அவர் போறார். வினை மாறவே இல்லை, எல்லாத்துக்கும் "யனவா". ஆனா எழுத்துச் சிங்களத்துக்கு வாங்க.

(திரையில் இரண்டு வரிசை)

மம யமி — நான் போகிறேன்
அபி யமு — நாங்கள் போகிறோம்
ஒஹு யயி — அவன் போகிறான்
ஒவுஹு யதி — அவர்கள் போகிறார்கள்

பாத்தீங்களா? ஆளுக்கு ஆள் விகுதி மாறுது, அச்சொட்டா தமிழ் மாதிரி! இறந்தகாலத்துக்குப் போனா இன்னும் அழகு. அவன் போனான் "கியேய", அவள் போனாள் "கியாய". ஆண், பெண் வேறுபாடுகூட வினையிலேயே வந்திருது. சிங்களம் தாய்மொழியான பிள்ளையே இத பள்ளிக்கூடத்தில புதுசாப் படிக்கணும். எங்கட பிள்ளைக்கு இந்தப் பழக்கம் தமிழிலேயே இருக்கு. எழுவாய், செயப்படுபொருள், கடைசியில வினை எண்ட வரிசையும் ஒண்டுதான். இங்கிலிசில வினை நடுவுக்கு ஓடிருது, சிங்களத்தில அந்தக் கரைச்சல் இல்லை.

சிக்கல் எழுத்துக்கூட்டில வரும். தமிழ்ல 'க' ஒண்டுதான், சிங்களத்தில வல்லோசைக்கு ஒரு எழுத்து, மெல்லோசைக்கு இன்னொரு எழுத்து. அதுக்குத் தனியாப் பயிற்சி வேணும்.

டீச்சர்மார், சேர்மார், உங்களிட்ட ஒரு கேள்வி: இந்த விகுதி அட்டவணையைத் தமிழோட பக்கத்தில வைச்சுக் காட்டாம, கரும்பலகையில இருந்து பந்தியக் கொப்பி பண்ண வைச்சா பிள்ளை எப்படி எழுதப் பழகும்? சம்மாந்துறைப் பிள்ளை வெள்ளாமை வெட்டப் பத்தி எழுதட்டும். கல்லடிப் பிள்ளை பாலத்தில நிண்டு பாத்ததை எழுதட்டும். சொல்ல விசயம் இருந்தாத்தான் வசனம் வரும்.

கொப்பியில பிழை திருத்திறதைப் பத்தியும் ஒரு பெரிய சண்டை இருக்கு. இரண்டாம் மொழியில எழுதிறவங்கட இலக்கணப் பிழையத் திருத்திறது பயன் தராது, கைவிடுங்க எண்டு மொழி கற்பித்தல் ஆய்வாளர் ஜோன் ட்ரஸ்கொட் 1996இல எழுதினார். அதே துறை ஆய்வாளர் டானா ஃபெரிஸ் 1999இல அதை மறுத்தா. நான் ஃபெரிஸ் பக்கம், ஆனா ஒரு நிபந்தனையோட: ஒரு கிழமைக்கு ஒரு பிழை வகை மட்டும். இந்தக் கிழமை வினை விகுதி எண்டா எழுத்துப்பிழையில சிவப்புப் பேனா படக்கூடாது. கொப்பி முழுக்கச் சிவப்பாத் திரும்பி வந்தா, அடுத்த முறை அந்தப் பிள்ளை தெரிஞ்ச இரண்டு வரியோட நிப்பாட்டிரும்.

நாளைக்கே உங்கட பிள்ளைய "நேற்று நான் செய்தது" எண்டு சிங்களத்தில மூண்டு வரி எழுதச் சொல்லுங்க. எந்த விகுதியில தடக்குப்பட்டுது எண்டு கமெண்டில போடுங்க, அடுத்த வீடியோவில அதையே எடுப்பம்.