ஜெயிச்ச இடம் வேற, தோத்த இடம் வேற

வணக்கம் நேயர்களே. ரங்கூன்ல, மோல்மீன்ல, பெகுல, இன்னும் எங்கெங்கயோ போன்ல கேட்டுட்டு இருக்கிற எல்லாருக்கும் வணக்கம். சூதாட்டத்தையே தொழிலா வச்சு வாழ்ந்த ஆளுங்களைப் பத்திப் பேசுங்கண்ணேன்னு நிகழ்ச்சி நடத்துற தம்பி கேட்டாரு. அதுக்காக என்னை பெரிய ஆட்டக்காரன்னு நினைச்சுறாதீங்க, நான் கடைகளுக்கு கணக்கு எழுதுற ஆளு. கணக்கு எழுதுறவனுக்கு இவங்க மேல ஒரு ஆசை இருக்கும், ஏன்னா இன்னைக்கு நான் சொல்லப்போறவங்கள்ல நல்லவங்கன்னு சொல்ல முடியாதவங்க நிறைய, ஆனா கணக்குல அத்தனை பேரும் புலிங்க.

அமெரிக்காக்காரர் ஒருத்தர்ல இருந்து ஆரம்பிக்கறேன், டைட்டானிக் தாம்சன்னு பேரு. 1893ல பொறந்து 1974 வரைக்கும் இருந்தாரு. ஊர் ஊரா காரை ஓட்டிட்டுப் போறதும், அங்க இருக்கிற பணக்காரங்களை உசுப்பேத்தி பந்தயம் கட்ட வைக்கிறதும்தான் வேலை. கோல்ஃப்ல வலது கையால ஆடி ஒருத்தரை ஜெயிப்பாரு, எதிராளி கடுப்புல நிக்கும்போது "சரி பாவம், அடுத்த ஆட்டம் நான் இடது கையால ஆடறேன், டபுளா வச்சுக்கலாமா"ன்னு கேப்பாரு, அவனும் சந்தோஷமா சரிம்பான், இவரு பொறவியிலேயே இடதுகைக்காரர்! ஒரு கோல்ஃப் பந்தை 500 கஜம் அடிக்கிறேன்னு பந்தயம் கட்டிட்டு, எங்க எப்ப அடிக்கணும்ங்கறதை நான்தான் சொல்லுவேன்னுட்டு, பனிக்காலம் வர்ற வரைக்கும் காத்திருந்து, உறைஞ்சு போன ஏரி மேல அடிச்சாருன்னு கதை சொல்வாங்க, பந்து வழுக்கிக்கிட்டே போயிருச்சாம். லாரில போற தர்பூசணி எத்தனைன்னு பந்தயம் கட்டுவாராம், அதுக்கு முன்னாடியே ஆள் வச்சு எண்ணி முடிச்சிருப்பாரு. கொஞ்சம் கை கால் வச்சு பெருசான கதைகளாவும் இருக்கலாம், ஆனா ஆளு நிஜம். 1928ல நியூயார்க்ல ஆர்னால்ட் ராத்ஸ்டீன்னு ஒரு பெரும்புள்ளி ஒரே சீட்டாட்டத்துல மூணு லட்சம் டாலருக்கு மேல விட்டுட்டு, இதுல தில்லுமுல்லு நடந்திருக்கு, குடுக்க மாட்டேன்னாரு. நவம்பர்ல அவரை யாரோ சுட்டுட்டாங்க. அந்த ஆட்டத்துல உக்காந்திருந்தவங்கள்ல தாம்சனும் ஒருத்தர், கோர்ட்ல சாட்சி சொல்லவும் போனாரு.

இந்தக் கதைங்கள்ல எனக்கு சுவாரசியமா படறது ஒன்னுதான். அந்த மனுஷன் அதிர்ஷ்டத்தை நம்பி ஒரு காசு கூட வைக்கல. ஏரி எப்ப உறையும்னு தெரியும், லாரில எத்தனை பழம்னு தெரியும். தெரியாத இடத்துல வாயத் தொறக்க மாட்டாரு. நாம சூதாடின்னு சொல்றது வேற ஆளு, இது வேற ஆளு.

இப்ப நம்ம தெருவுக்கு வாங்க. டூடி, அதான் ரெண்டு இலக்க நம்பர் சூது, அது தெரியாதவங்க இந்த ஊர்ல யாரு இருக்கா, டீக்கடைல உக்காந்தா பக்கத்து டேபிள்ல நம்பர்தான் பேச்சு. மத்தியானம் 12:01க்கு ஒன்னு, சாயங்காலம் 4:30க்கு ஒன்னு, ரெண்டு தடவை ஊரே போனைப் பாத்துட்டு நிக்கும். பேங்காக் பங்குச்சந்தையோட செட் இன்டெக்ஸ் இருக்குல்ல, அதுல புள்ளிக்கு அப்புறம் வர்ற கடைசி நம்பர் ஒன்னு, அன்னைக்கு அதுவரைக்கும் நடந்த வியாபாரத் தொகையில புள்ளிக்கு முன்னாடி நிக்கிற நம்பர் ஒன்னு, ரெண்டையும் சேர்த்தா டூடி. இன்டெக்ஸ் 1,234.56, வியாபாரம் 78,901.23ன்னு வச்சுக்கோங்க, 6ம் 1ம் சேர்ந்து 61. இந்தக் கடைசி இலக்கம் எப்படி வந்து நிக்கும்னு அந்த சந்தைலயே இருக்கிறவனுக்கும் தெரியாது, நம்ம ஆளுங்க கனவுல பாம்பு வந்துச்சு, சாமியார் மூணு விரலைக் காட்டினாருன்னு எழுதிட்டுப் போவாங்க. 11, 22ன்னு ஒரே இலக்கம் ரெண்டு தடவை வர்ற அபூ போடறவன், 05, 16ன்னு அஞ்சு வித்தியாசத்துல வர்ற பவர் போடறவன், ஆர் போட்டு, அதாவது திருப்பிப் போட்டு, 25க்கு 52ம் சேர்த்து வாங்கறவன், பழைய நம்பரை எல்லாம் கட்டம் கட்டமா சார்ட் போட்டு சுவத்துல ஒட்டி வச்சிருக்கிறவன். அவங்க உழைப்பைப் பாத்தா எனக்கே பாவமா இருக்கும், இதே உழைப்பை என் ஆபீஸ்ல போட்டா சம்பளம் ஏத்திக் குடுத்திருவேன்.

கணக்கு இவ்வளவுதான். மொத்தம் நூறு நம்பர், அடிச்சா 80 மடங்கு, சில இடத்துல 85. நூறு பேர் ஆளுக்கு ஆயிரம் கியாட் வேற வேற நம்பர்ல போட்டா பந்தயப் பணத்தை வாங்கறவன், டைன்னு சொல்வோம், அவன் கைக்கு ஒரு லட்சம் வரும், ஜெயிச்சவனுக்கு எண்பதாயிரம் போகும். விக்கிறவனுக்கு கமிஷன் குடுத்தாலும் மிச்சம் இருக்கு. ஆர் போட்டாலும் சரி, சார்ட் போட்டாலும் சரி, போடற ஒவ்வொரு ஆயிரத்துக்கும் சராசரியா இருநூறு அங்கயே தங்கிரும். மூணு இலக்க த்ரீடி இன்னும் மோசம், ஆயிரம் நம்பர்ல ஒன்னு அடிக்கணும், திரும்ப வர்றது பாதிக்குக் கொஞ்சம் மேலதான். சரி அப்போ டைன்தான் தொழில்காரனான்னு கேட்டா, ஆமா, முக்கால்வாசி. ஆனா ஊரே ஒரே நம்பர்ல விழுந்துட்டா அவனும் காலி, அதனாலதான் நிறைய பேர் போடற ஹாட் நம்பரை இனி வாங்க மாட்டேன்னு க்ளோஸ் பண்றதும், வந்த பணத்தைப் பிரிச்சு பெரிய டைன் கிட்ட தள்ளி விடறதும். அதுவும் சட்டத்துக்கு வெளிய நடக்கிற வியாபாரம், ராத்திரி கதவைத் தட்டற சத்தம் கேட்டாலே தூக்கம் போயிரும். எனக்கு அந்தப் பொழப்பு வேண்டாம்.

நிஜமாவே ஆட்டத்தை ஜெயிச்சவர் யாருன்னா எனக்கு பில் பென்டர்தான். லாஸ் வேகாஸ்ல பிளாக்ஜாக்ங்கற சீட்டாட்டத்துல எந்தச் சீட்டு போச்சு, எது மிச்சம்னு எண்ணி ஜெயிச்சுட்டு இருந்தவரை கேசினோக்காரங்க உள்ள விடல, உடனே 80கள்ல ஹாங்காங் போனாரு, குதிரைப் பந்தயத்துக்கு. கூட ஆலன் வுட்ஸ்னு இன்னொருத்தர். குதிரையோட வயசு, எடை, ஜாக்கி, முந்தின ஓட்டம் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தி எந்தக் குதிரைக்கு எவ்வளவு வாய்ப்புன்னு கணக்குப் போட்டாங்க, முதல்ல அடி மேல அடி. அப்புறம் பென்டர் என்ன பண்ணாருன்னா, பந்தயம் நடத்துற ஜாக்கி கிளப் போர்டுல வர்ற விலையை, அதாவது எந்தக் குதிரை ஜெயிச்சா எத்தனை மடங்கு குடுப்பாங்கங்கறதையே தன் கணக்குக்குள்ள ஒரு சரக்கா சேத்துக்கிட்டாரு. அதாவது ஊர்ல இருக்கிற அத்தனை பேரும் சேர்ந்து ஒன்னு நினைக்கிறாங்க, அதுல எங்க தப்புங்கறது மட்டும் எனக்குத் தெரிஞ்சா போதும்னு. எந்தக் குதிரை ஜெயிக்கும்ங்கறது அவர் கேள்வியே இல்ல, எந்தக் குதிரைக்கு விலை தப்பா இருக்குங்கறதுதான் கேள்வி. 2001 நவம்பர்ல ட்ரிபிள் ட்ரையோன்னு ஒரு பெரிய ஜாக்பாட், மூணு ரேஸ்லயும் முதல் மூணு குதிரையைச் சொல்லணும், அதை அடிச்சாரு, அமெரிக்க டாலர்ல சுமார் 1.6 கோடி. அந்த டிக்கெட்டைக் கொண்டு போய் பணம் வாங்கவே இல்ல! பணம் தர்மத்துக்குப் போச்சு.

ரேஸுன்னதும் ஒன்னு ஞாபகம் வருது, நம்ம ஊர்லயும் கியாய்க்கசான்ல பெரிய ரேஸ் மைதானம் இருந்துச்சு, ரங்கூன் டர்ஃப் கிளப்புன்னா அந்தக் காலத்துல அவ்வளவு மவுசு. 1962ல ராணுவத் தளபதி நே வின் ஆட்சிக்கு வந்ததும் ரேஸ், அழகிப் போட்டி எல்லாத்தையும் நிறுத்திட்டாங்க. நிறுத்தினதால சூது போச்சான்னா, அதான் டூடியைப் பத்தி இவ்வளவு நேரம் பேசியிருக்கேனே.

இப்ப கெட்டுப்போனவங்களைப் பாப்போம், தம்பி எதிர்பாக்கிற கலர் எல்லாம் இங்கதான் இருக்கு. ஸ்டூ அங்கர்னு ஒருத்தர், ஜின் ரம்மிங்கற சீட்டாட்டத்துல அவர் கூட உக்கார ஆளே கிடைக்கல, அதனால போக்கருக்கு வந்தாரு, 1980, 81 ரெண்டு வருஷமும் உலக சாம்பியன், போதைல தொலைஞ்சு போயி, 1997ல திரும்ப வந்து மூணாவது தடவையும் ஜெயிச்சாரு. பத்து லட்சம் டாலர் பரிசு, பணம் போட்டு ஆட வச்சவருக்குப் பாதி போக மிச்சம் சில மாசத்துல காணோம். அடுத்த வருஷம் நவம்பர்ல ஒரு மலிவான மோட்டல் ரூம்ல செத்துக் கிடந்தாரு, வயசு 45, ரூம்ல இருந்தது 800 டாலர். ஆர்ச்சி கராஸ்னு இன்னொருத்தர், 1992 கடைசில 50 டாலரோட வேகாஸ் வந்து, பில்லியர்ட்ஸ், போக்கர், தாயக்கட்டைன்னு ஏறி ஏறி நாலு கோடி டாலர் ஆக்கினாரு, அதை 1995லயே மொத்தமா விட்டாரு.

இவங்க எங்க விட்டாங்கன்னு பாருங்க. அங்கர் சீட்டுல விடல, ஸ்போர்ட்ஸ் பெட்டிங்ல, குதிரைல, போதைல விட்டாரு. கராஸ் முக்கியமா விட்டது தாயக்கட்டைலயும் பேக்கரட்ங்கற சீட்டாட்டத்துலயும், ரெண்டுலயும் ஆடறவன் எவ்வளவு கெட்டிக்காரனா இருந்தாலும் சாதகம் கேசினோவுக்குத்தான். தொழில்ல ஜெயிச்சதை பொழுதுபோக்குல குடுத்துட்டு வந்தாங்க. 1956ல அமெரிக்காவுல பெல் லேப்ஸ்ங்கற ஆராய்ச்சிக் கூடத்துல வேலை பாத்த ஜான் கெல்லின்னு ஒருத்தர் ஒரு ஃபார்முலா எழுதினாரு, சுருக்கமா சொன்னா உனக்கு எவ்வளவு சாதகமோ அந்த அளவுக்குத்தான் கைல இருக்கிறதுல ஒரு பங்கு போடணும், சாதகம் இல்லாத ஆட்டத்துல பூஜ்யம் போடணும். அந்தப் பூஜ்யத்தைப் போடத்தான் இவங்களால முடியல. பத்து மணி நேரம் பொறுமையா ஆடினவனுக்கு அதுக்கப்புறம் சும்மா ரூமுக்குப் போய் படுக்கத் தெரியல.

உள்ள வர்றதுக்கு முன்னாடி ஒரு நேயர் மெசேஜ் போட்டிருந்ததைத் தம்பி காட்டினாரு, பேர் சொல்ல வேணாம். "எங்க மச்சான் டூடில மாசா மாசம் சம்பாதிக்கிறாரு, நீங்க என்ன சொல்றீங்க"ன்னு கேட்டிருக்காங்க. அக்கா, அவர் ஜெயிச்ச நாள் வீட்டுக்கே தெரிஞ்சிருக்கும், கோழி வாங்கிட்டு வந்திருப்பாரு. தோத்த நாள் அவருக்கு மட்டும்தான் தெரியும். பென்டர் மாதிரி ஆளுங்க போட்டது, வந்தது, போனது எல்லாத்தையும் எழுதி வச்சிருப்பாங்க. உங்க மச்சான் கிட்ட அப்படி ஒரு நோட்டு இருக்கான்னு கேளுங்க. இருந்தா அவரையும் கூட்டிக்கிட்டு வாங்க, சனிக்கிழமை சாயங்காலம் நான் சும்மாதான் இருப்பேன், கூட்டிப் பாத்துருவோம்.