உரிமை எங்கிருந்து வருகிறது? அய்ன் ராண்டும் லிபர்டேரியன்களும் முட்டிக்கொள்ளும் இடம்

[திரையில்: அய்ன் ராண்ட், முர்ரே ராத்பார்ட் படங்கள் அருகருகே]

அய்ன் ராண்ட் ஒரு அமெரிக்க எழுத்தாளர், தத்துவவாதி. லிபர்டேரியன்கள் என்பவர்கள் தனிமனித சுதந்திரமே முதன்மை, அரசின் தலையீடு கூடாது என்பவர்கள்; அவர்களில் முக்கியமானவர் பொருளாதார அறிஞர் முர்ரே ராத்பார்ட். வெளியிலிருந்து பார்த்தால் இந்த இரண்டு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. இருவருமே தனிச்சொத்தை ஆதரிப்பார்கள், கட்டாய வரியை எதிர்ப்பார்கள், அடுத்தவர் மேல் முதலில் கை ஓங்கக் கூடாது என்பார்கள். ஆனாலும் ராண்ட் லிபர்டேரியன்களை 'வலதுசாரி ஹிப்பிகள்' என்றே திட்டினார். ஏன் இவ்வளவு கோபம்?

ராண்டைப் பொறுத்தவரை உரிமை என்பது ஒரு நீண்ட வாதத்தின் கடைசிப் படி. மனிதன் உயிர்வாழ யோசித்தாக வேண்டும், யோசித்தபடி நடக்க முடியாவிட்டால் யோசித்தும் பயனில்லை, அப்படி நடக்கவிடாமல் இன்னொருவர் தடுக்க வேண்டுமானால் அதற்கு வன்முறைதான் வழி. அதனால்தான் சேர்ந்து வாழும் இடத்தில் உரிமைகள் தேவை என்கிறார். லிபர்டேரியன்களோ, ஒருவர் பிறப்பிலேயே மனிதனுக்கு உள்ள இயற்கை உரிமையிலிருந்து வரட்டும், இன்னொருவர் சமூகப் பயனிலிருந்து வரட்டும், வேறொருவர் கடவுள் நம்பிக்கையிலிருந்தே வரட்டும், வன்முறையைத் தொடங்க மாட்டேன் என்றால் போதும், எங்கள் ஆள்தான் என்கிறார்கள்.

இது போதுமா? போதாது என்பதுதான் என் கருத்து.

[திரையில்: ஒரு இயந்திரத்தின் வரைபடம்]

காப்புரிமையை எடுத்துக்கொள்ளுங்கள். புதிய இயந்திரம் ஒருவருடைய மூளையின் உழைப்பு, அதை அனுமதியின்றிச் செய்வது திருட்டு என்பது ராண்டின் நிலை. ஸ்டீஃபன் கின்செல்லா என்ற லிபர்டேரியன் வழக்கறிஞர் 2001-இல் நேர்மாறாக வாதிட்டார்: என் இரும்பு, என் கை, என் பட்டறை, இதில் நான் எதைச் செய்யக் கூடாது என்று சொல்ல நீ யார், அந்தத் தடைதான் வன்முறை! கொள்கை ஒன்றேதான், தீர்ப்பு மட்டும் தலைகீழ். எது யாருடைய சொத்து, ஏன் என்பது தெரியாமல் யார் முதலில் கை ஓங்கியது என்று சொல்லவே முடியாது. ராத்பார்டுக்கு அடித்தளமே இல்லை என்று சிலர் சொல்வது மட்டும் நியாயமில்லை, அவரிடம் முறையான இயற்கை உரிமைக் கோட்பாடு இருந்தது.

சரி, அடுத்து அரசாங்கம். இங்கே ராண்டுக்குத்தான் சிக்கல்.

போட்டி போடும் பாதுகாப்பு நிறுவனங்கள் போதும், அரசே வேண்டாம் என்றார் ராத்பார்ட். ராண்ட் 1963-லேயே அந்த யோசனையை மறுத்திருந்தார்: ஸ்மித்துக்கு ஜோன்ஸ் மேல் திருட்டுச் சந்தேகம், ஸ்மித்தின் போலீஸ் ஜோன்ஸ் வீட்டுக்குப் போகிறது, வாசலில் ஜோன்ஸின் போலீஸ் நின்று, உங்கள் அதிகாரம் இங்கே செல்லாது என்கிறது. அப்புறம் என்ன நடக்கும்? அதனால் பலத்தைப் பயன்படுத்தும் அதிகாரம் ஒரே அரசின் ஏகபோகமாக இருக்க வேண்டும் என்பது அவர் நிலை.

1969-இல் ராய் சைல்ட்ஸ் என்ற லிபர்டேரியன் எழுத்தாளர் ராண்டுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். யாருடைய உரிமையையும் மீறாமல் நான் ஒரு பாதுகாப்பு நிறுவனம் தொடங்கினால், உங்கள் அரசு என்னை விட்டுவிடுமா, பலவந்தமாக மூடுமா? விட்டால் ஏகபோகம் போயிற்று, மூடினால் வன்முறையைத் தொடங்கியது நீங்கள்தான். பொதுச் சட்டத்துக்கு வெளியே ஒருவர் பலத்தைக் கையில் எடுப்பதே மற்றவர்களுக்கு அச்சுறுத்தல் என்பது ராண்டின் தத்துவத்தைப் பின்பற்றும் அப்ஜெக்டிவிஸ்டுகளின் பதில். ஆனால் அந்த நிறுவனம் அதே சட்டத்தையும் அதே விசாரணை முறையையும் வெளிப்படையாகப் பின்பற்றினால் அச்சுறுத்தல் எங்கே இருக்கிறது? இதற்குத் திருப்தியான பதிலை நான் இதுவரை படிக்கவில்லை.

ராத்பார்டும் தப்பவில்லை. எல்லா நீதிமன்றங்களும் ஒரு பொதுவான அடிப்படைச் சட்டத்தை ஏற்க வேண்டும் என்று அவரே எழுதினார். அந்தச் சட்டத்தில் காப்புரிமை உண்டா இல்லையா என்று கேட்டால், ராண்ட் தொடங்கிய இடத்துக்கே அவரும் வந்தாக வேண்டும்.